முன் மூன்று, பின் ஆறு: மந்த மனதோடு சேர்ந்திசைக்கு வந்த ஓர் ஆல்டோவின் பதின்மூன்று வாரம்

வயது 46. நாளுக்கு ஒன்பது மணி நேரம் திரைக்கு முன்னால் கணக்கு வேலை. நான்கு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது, ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கே முழிப்பு தட்டிவிடுகிறது. வேண்டியவர்கள் போன் செய்தாலும் எடுக்கத் தோன்றுவதில்லை. பள்ளி நாட்களில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிய பழக்கம் உண்டு, அதன் பிறகு குளியலறையோடு சரி. தெரிந்தவர் ஒருவர் விடாமல் இழுத்துவந்து 32 பேர் கொண்ட சேர்ந்திசைக் குழுவில் சேர்த்துவிடுகிறார். வாரம் ஒரு மாலை, 90 நிமிடம், ஆல்டோ வரிசை, அதாவது பெண் குரல்களில் கீழ்க்குரல்.

இந்த ஆல்டோ ஒரே ஆள் அல்ல. இப்படிப்பட்ட குழுக்களில் மறுபடி மறுபடி வரும் நிலைமைகளை ஓர் ஆளின் மேல் ஏற்றிப் பார்க்கிறோம். கீழே வரும் மனநிலை எண்களும் அந்த ஆளுக்காக வைத்த மாதிரி எண்கள்தான். ஆராய்ச்சிகளின் பெயரில் வரும் ஆண்டும் கணக்கும் மட்டும் நிஜத்தில் வெளியானவை.

சேரும் முன் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்புகிறார். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், ஆகமொத்தம் 27. ஐந்திலிருந்து ஒன்பது வரை வந்தால் லேசான மனச்சோர்வு, பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய கட்டம். இவருக்கு 8. கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது, அதில் 0. அங்கே 0 தவிர வேறு எது விழுந்தாலும் பாட்டுப் பயிற்சியைப் பற்றிய பேச்சே அப்புறம்தான், அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், பாட்டால் தெம்பு வந்துவிட்டது என்று தானாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

இன்னொரு அளவுகோல் எளியது. அறைக்குள் நுழையும் முன் மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். பயிற்சி முடிந்து வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து இன்னோர் எண். வாசலிலேயே எழுதக் கூடாது. கடைசிப் பாட்டின் சூடும் எல்லோருடைய சிரிப்பும் இன்னும் உடம்பில் இருக்கும்போது யாருக்குமே எட்டுதான் வரும்.

முதல் மாலை

நுழைந்ததும் அவர் கையில் பாட்டுத் தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, நாற்காலிக்கு ஒன்றாக வைக்கச் சொல்கிறார்கள். அற்ப வேலைதான். ஆனால் மனம் சோர்ந்தவருக்கு முதல் ஐந்து நிமிடம்தான் மலை: யார் பக்கத்தில் போய் நிற்பது, என்ன பேசுவது? கையில் வேலை இருந்தால் அந்தக் கேள்வி எழாது. வந்தவரை நடுவில் நிறுத்திப் பெயரும் ஊரும் கேட்டு எல்லோரும் கைதட்டும் வரவேற்பைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அடுத்த பத்து நிமிடம் உடம்புக்கும் மூச்சுக்கும். தோளைக் காதுவரை தூக்கித் தொப்பென்று விடுவது நான்கு தரம். வாய் நிறையக் கொட்டாவி. குதிரை செருமுவது போல உதடு படபடக்க ஓர் ஒலி. பிறகு ‘ஸ்ஸ்’ என்று காற்றை விடும் பயிற்சி: நொடிக்கு ஒன்றாக எண்ணி, நான்கு எண்ணிக்கை உள்ளே, எட்டு வெளியே. அடுத்த சுற்றில் நான்குக்குப் பன்னிரண்டு. கடைசியில் நான்குக்குப் பதினாறு, அது இரண்டே முறை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பதினாறு என்றதும் பயந்துபோய் நெஞ்சு புடைக்கக் காற்றை இழுக்கிறார்கள். தோள் ஏறுகிறது, கழுத்து நரம்பு இறுகுகிறது, பத்திலேயே தம் போய்விடுகிறது. கூடுதலாக இழுத்தால் கூடுதலாக வராது. முதலில் உள்ளே இருப்பதை முழுக்க விட்டுவிட்டு, வயிற்றைத் தளர்த்தினால் போதும், வேண்டிய காற்று தானே வந்து நிறையும். தலை சுற்றினால் உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட வேண்டும். ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கி ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோனதன் விளைவு அது, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். நிமிடத்துக்கு 60 தட்டு என்ற நிதானமான வேகத்தில் ஒரு பாட்டு, எட்டுத் தட்டுக்கு ஒரு வரி, இரண்டு தட்டில் மூச்சு என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அதிலும் பெரும்பங்கு வெளிமூச்சு. உள்மூச்சில் இதயத் துடிப்பு சற்று விரையும், வெளிமூச்சில் தணியும். தணிக்கும் வேலையைச் செய்வது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. 2013ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 18 வயதுப் பாடகர்கள் 15 பேரை வைத்துச் செய்த ஆய்வில், சேர்ந்து பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு பாட்டின் மூச்சு அமைப்பை ஒட்டி ஒரே நேரத்தில் ஏறி இறங்கியது தெரிந்தது. யாரும் யாரையும் பார்த்து மூச்சு விட வேண்டியதில்லை. வரி எங்கே முடிகிறதோ அங்கே எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். நடுக்கமும் படபடப்பும் உள்ளவரிடம் ‘மெல்ல மூச்சு விடுங்கள்’ என்றால் மூச்சைப் பற்றியே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார். பாட்டு அந்த வேலையை அவரறியாமல் வாங்கிவிடுகிறது.

பதினைந்தாவது நிமிடம் கீபோர்டில் ஒரே ஸ்வரம். வாய் மூடி ஹம்மிங். பெண்கள் மத்திய ஸ்தாயியில், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே. முதலில் அறை முழுக்கக் கரடுமுரடு. பக்கத்துக் குரல் 220 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 220 அதிர்வில் நிற்க, இவருடையது 223ல் நின்றால் காதுக்குள் நொடிக்கு மூன்று முறை ‘வவ்-வவ்-வவ்’ என்று ஓர் அதிர்வு கேட்கும். இவர் மெல்ல இறங்க இறங்க அந்த அதிர்வு இரண்டாகிறது, ஒன்றாகிறது, பிறகு நின்றேபோகிறது. அந்த நொடியில் தன் குரல் எது, பக்கத்துக் குரல் எது என்று பிரித்தறிய முடியாது. தாடையிலும் மூக்குத் தண்டிலும் மட்டும் கிர்ரென்று ஒரு சிலிர்ப்பு. சுருதி சேர்ந்தது என்பது இதுதான். சரி, தப்பு என்று யாரும் சொல்லத் தேவையில்லை, காதே சொல்லிவிடுகிறது. நாள் முழுக்க மனத்துக்குள் ஓடும் அரைத்ததையே அரைக்கும் சிந்தனைகளுக்கு இந்தச் சில நொடிகளில் இடமில்லை, அந்த அளவுக்குக் காது வேலையாக இருக்கிறது.

விட்டுப் பிடித்தல்

ஹம்மிங் ஒரு நிமிடம் இடைவிடாமல் நிற்க வேண்டும் என்கிறார் பயிற்றுநர். ஒரு மூச்சில் யாராலும் ஆகாது. வழி எளிது: ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், வரி முடிவில் எல்லோரும் சேர்ந்து வாங்கக் கூடாது. வாங்குவதற்கு முன் ஒலியைத் தேய்த்துக் குறைக்க வேண்டும், வெட்டக் கூடாது. திரும்பி வரும்போதும் பூனை போல, முதலில் மெல்லத் தொட்டுவிட்டு அப்புறம் ஏற வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் இளையவர் காதோடு சொல்கிறார்: “அக்கா, நீங்க விடுற இடத்துல நான் விட மாட்டேன். தம் தீர்ந்தா பயப்படாம நிறுத்திடுங்க, நான் புடிச்சுக்கிறேன்.”

சேர்ந்திசையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. இவர் நிறுத்தினாலும் ஒலி நிற்பதில்லை. ஆனால் இவர் திரும்பி வரும்போது அது கனக்கிறது. தன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்ற பயமும், தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணமும் சோர்ந்த மனத்தில் மாறி மாறி வரும். முப்பது நொடிக்குள் இரண்டுக்கும் காது வழியாகவே பதில் கிடைத்துவிடுகிறது. தனியாகக் கரோக்கி பாடுவதில் இது நடக்காது, நல்ல பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதிலும் நடக்காது.

மீதி மாலை இப்படிப் போகிறது. தெரிந்த ஒரு பாட்டு இருபது நிமிடம், குரல் பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மெட்டு. 1 கட்டை சுருதியில் தார ஸ்தாயி ரிஷபத்தை, அதாவது மேல் ஸாவுக்கு அடுத்த ஸ்வரத்தை, தாண்டாத மெட்டு, அதற்கு மேலே போனால் பழகாத தொண்டை கத்தத்தான் செய்யும். பத்து நிமிட இடைவேளை, தண்ணீர். பிறகு புதுப்பாட்டில் இரண்டு வரி மட்டும், அதில்தான் குரல் பிரிவு. கடைசிப் பத்து நிமிடம், முதலில் பாடிய அதே தெரிந்த பாட்டு, எடுப்பிலிருந்து முடிவுவரை, நடுவில் ஒரு திருத்தமும் இல்லாமல். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் திருத்தத்துக்குப் பலி கொடுக்கும் பயிற்றுநர்கள் நிறையப் பேர். ‘ஒருமுறை கூட, அந்த மூன்றாவது வரியை மட்டும்’ என்று இழுத்து, தப்பிலேயே முடித்து அனுப்புவார்கள். ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது கடைசியாகப் பாடியதைத்தான்.

முன் 3, பின் 6.

மூன்றாம் வாரம்: எண் இறங்கியது

இரண்டாம் வாரமும் ஏறக்குறைய அதே கதை. மூன்றாம் வாரம் முன் 4, பின் 3. பாட்டு மனத்தைத் தூக்கும் என்று நம்புகிறவர்கள் பார்க்க வேண்டியது இந்த வாரத்தைத்தான்.

அன்று ஆள் குறைவு என்று வரிசையை மாற்றுகிறார்கள். ஆல்டோ வரிசையின் ஓரத்துக்குப் போகிறார் இவர். இவருக்கு வலப்புறம் குரல் வளமுள்ள ஒரு சோப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மேல்குரல். நாற்காலிகள் தோளோடு தோள் இடிக்கும் நெருக்கம். பாடுகிறவர் தன் குரலைச் சுற்றியுள்ள ஒலியைவிடச் சற்று மேலாகக் கேட்டால்தான் சுருதியைப் பிடிக்க முடியும். இவருக்குத் தன் குரல் கேட்கவே இல்லை. கேட்பதற்காக அழுத்துகிறார். அழுத்த அழுத்தத் தொண்டை இறுகி சுருதி தட்டுகிறது. பயிற்றுநர் கையை உயர்த்தி நிறுத்தி, “ஆல்டோவில் ஒருத்தர் கீழே போறீங்க” என்கிறார். யார் என்று சொல்லவில்லை. அது இன்னும் மோசம். மற்ற ஏழு ஆல்டோக்களும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், கீழே போன அந்த எட்டாவது ஆள் தான்தான் என்று அவர் முடிவே செய்துவிடுகிறார். பிறகு ஆல்டோவுக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம் தனிப்பாடம், மீதிப் பேர் பார்த்துக்கொண்டிருக்க.

கோளாறு எங்கே? குரலில் இல்லை. நாற்காலியில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது, சொன்ன விதத்தில் இருக்கிறது. நாற்காலிகளுக்கு இடையே ஒரு முழம் விட்டிருந்தால் பாதி சரியாகியிருக்கும். புதியவரை வரிசை ஓரத்தில் வைக்காமல் உறுதியான இரு ஆல்டோக்களுக்கு நடுவில் வைத்திருந்தால் மீதியும் சரியாகியிருக்கும். ஒரு வரிசையைத் தனியே பிடித்தால் மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது, மற்றவர்களை அந்நேரம் அதே வரியை ஹம் செய்யச் சொல்ல வேண்டும். முழுக் குழுவும் சேர்ந்து சுருதி இறங்குகிறது என்றால் பழி சொல்லுமுன் ஜன்னலைத் திறந்து பார்க்கலாம், ஆட்களை எழுந்து நிற்கச் சொல்லலாம், பாட்டை அரைக் கட்டை ஏற்றி எடுத்துப் பார்க்கலாம். பல நேரம் அந்த அரைக் கட்டையே போதும்: சௌகரியமான தாழ்சுருதியில் எல்லோரும் அசட்டையாகத் தொங்குவார்கள், சற்று ஏற்றினால் நிமிர்வார்கள்.

நான்காம் வாரம் அவர் வருவதாகவே இல்லை. பக்கத்து நாற்காலி இளையவர் அனுப்பிய ஒற்றைச் செய்திதான் கூட்டி வந்தது: “அக்கா, இன்னிக்கு நான் தனியா மாட்டிக்கிட்டேன். ரெண்டாவது வரில மூச்சு வாங்க ஆள் இல்ல.” எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை, வாருங்கள் மனசு லேசாகும் என்று சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். புதியவர் ஒருவருக்கு இப்படி ஒரு பக்கத்து ஆளை முதல் மாலையிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. ஒரு பயிற்சிக்கு வராமல் போனால் மறுநாளே செய்தி போக வேண்டும். இரண்டு முறை விட்டவர் மூன்றாம் முறை வருவது கடினம்.

சோகப்பாட்டு

ஏழாம் வாரம் எடுத்தது துக்கமான பாட்டு. மனம் சரியில்லாதவர் இருக்கிறாரே, வேண்டாம் என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். முன் 4, பின் 7, அதுவரை வந்ததிலேயே பெரிய எண்.

இதில் வியப்பில்லை. 2004ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் பொழுதுபோக்குப் பாடகர்கள் 31 பேர் ஒரு வாரப் பயிற்சியில் மோட்சார்ட்டின் ரெக்வியத்தைப் பாடினார்கள், இன்னொரு வாரப் பயிற்சியில் அதே இசையைப் பதிவில் கேட்டார்கள். ரெக்வியம் என்பது இறந்தவருக்கான பூசை இசை, குதூகலம் என்று அதில் எதுவும் இல்லை. பாடிய வாரம் நல்ல உணர்வு கூடியது, கெட்ட உணர்வு குறைந்தது, எச்சிலில் உள்ள ஐஜிஏ என்ற நோய் எதிர்ப்புப் புரதமும் கூடியது. கேட்ட வாரம் கெட்ட உணர்வு கூடியது. அதே இசை, அதே ஆட்கள். ஆகவே மனத்தைத் தூக்குவதற்கென்று துள்ளல் பாட்டாகப் பொறுக்கி எடுப்பது வீண் வேலை, சில சமயம் எரிச்சலும் கூட. சோர்ந்திருப்பவரைச் சிரிக்கச் சொல்லிப் பாடவைத்தால் தனக்கும் பாட்டுக்கும் ஒட்டவில்லை என்றே அவருக்குத் தோன்றும். நீண்ட வரி, நிதான வேகம், நடுவில் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வை பிடிக்க இடம், எல்லோரும் ஒன்றுசேரும் ஒரு திருப்பம்: பாட்டில் பார்க்க வேண்டியது இவைதான். சொந்த இழப்பை நேராகக் கிளறும் வரிகள் மட்டும் விலக்கு. பாடும்போது கண் கலங்குவது பரவாயில்லை, ஹம்மிங்குக்கு மாறிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தால் போதும்.

எவ்வளவு நம்பலாம்

பயிற்சி நாள் மாலை ஏறும் எண் மறுநாள் மதியத்துக்குள் பெரும்பாலும் வழக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஆல்டோவுக்கும் அப்படித்தான். வாரங்கள் சேரச் சேர என்ன ஆகும் என்பதில் ஆராய்ச்சி முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. இங்கிலாந்தில் 60 வயதைத் தாண்டிய 258 பேரை வைத்துச் செய்து 2015ல் வெளியான சோதனையில், வாரம் 90 நிமிடம் வீதம் 14 வாரம் பாடியவர்களுக்கு, பாடாதவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுள்ள 134 தாய்மார்களை வைத்து 2018ல் வெளியான சோதனையில் பத்து வாரத்தில் எல்லாப் பிரிவினருமே தேறினார்கள். ஆனால் சோர்வு கூடுதலாக இருந்தவர்களில் பாடியவர்கள் விரைவாகத் தேறினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 12 முதியோர் மையங்களில் 390 பேரை வைத்துச் செய்த சோதனையிலோ, ஆறு மாதம் பாடியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது, வாழ்க்கையில் நாட்டம் கூடியது, மனச்சோர்வு எண்ணில் மட்டும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

2015ல் வெளியான இன்னோர் ஆய்வு, புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டது. கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டு வகுப்பில் அது முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுக்கத் தெம்பில்லாதவருக்கு இந்த வேகம் பெரிய சலுகை, பேசாமலேயே பழகிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாட்டு என்பது அறை முழுக்கப் பரவும் வெளிமூச்சு. 2020 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் கவுண்டியில் இரண்டரை மணி நேரப் பயிற்சிக்கு வந்த 61 பேரில், ஏற்கெனவே அறிகுறியோடு வந்த ஒருவரையும் சேர்த்து, 53 பேருக்குக் கொரோனா கண்டது அல்லது கண்டிருக்கலாம் என்று முடிவானது, இருவர் இறந்தார்கள். சளியும் காய்ச்சலும் உள்ளவர் பாட வரக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய ஏசி அறையைவிடக் காற்றோட்டமுள்ள சாதாரணக் கூடம் மேல்.

மேடையும் மறுவாரமும்

பத்தாம் வாரம் நிகழ்ச்சி தேதி அறிவித்ததும் எண்கள் குழம்புகின்றன. முன் 5, பின் 6. பயிற்சி திடீரென்று தேர்வுக்கூடமாகிறது, தாளைப் பார்க்காமல் பாட வேண்டும் என்கிறார்கள். இவருக்கு மறுபடி நான்கு மணி முழிப்பு. பயிற்றுநர் இந்த முறை சரியாகச் செய்தார்: தாள் வேண்டியவர்கள் கையில் வைத்துக்கொள்ளலாம், நிற்க முடியாதவர்கள் பின்வரிசையில் உட்காரலாம், மேடையேற விரும்பாதவர்கள் பக்கம் புரட்டலாம் என்று பட்டியலே போட்டார். மேடையேறுவதைக் கட்டாயமாக்காதபோதுதான் பலரும் ஏறுகிறார்கள்.

பன்னிரண்டாம் வாரம் நிகழ்ச்சி. முன் 4, பின் 9. அந்த 9ஐக் கொண்டாட வேண்டியதில்லை. நிகழ்ச்சி முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் மனம் தொப்பென்று விழுவது பழைய பாடகர்களுக்கும் நடக்கும். எதிர்பார்த்துக் காத்திருந்தது முடிந்துவிட்டது, மாலைகள் காலியாகிவிட்டன. ‘எல்லோரும் உழைத்துவிட்டோம், ஒரு மாதம் ஓய்வு’ என்று குழுவைக் கலைப்பது இந்த நேரத்தில் செய்யும் மிகப் பெரிய தவறு. நிகழ்ச்சிக்கு அடுத்த வாரமே, அதே நாள், அதே நேரம், அரை மணி குறைத்தாவது கூட வேண்டும்.

பிஎச்க்யூ-9 மறுபடி போட்டபோது 5. இதை முழுக்கப் பாட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. இந்தப் பன்னிரண்டு வாரமும் அவர் கூடத்துக்கு இருபது நிமிடம் நடந்தே போய் வந்தார், வாரத்தில் ஒரு நாளாவது திரையை ஆறு மணிக்கே மூடினார், போன் எடுக்க ஒரு ஆள் கிடைத்தார். பயிற்சிக்குப் பிந்தைய எண்ணைவிட முந்தைய எண்ணில் கண் வைக்க வேண்டும் என்பதும் அதனால்தான். பின் எண் அன்றைய பாட்டைச் சொல்லும், முன் எண் அந்த வாரத்தைச் சொல்லும். அது மூன்றிலிருந்து ஐந்துக்கு நகரப் பத்து வாரம் ஆனது, நடுவில் சறுக்கவும் செய்தது.

பதின்மூன்றாம் வாரக் குறிப்பில் அவர் எழுதியிருப்பது: முன் 5, பின் 7. தொண்டை கட்டிவிட்டது, பாடவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டினேன்.